ஒரு குழந்தைக்கு ஒரு மாலைப்பொழுது

1732-ஆம் ஆண்டு. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் லிங்கன் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஓர் இளம் குருவானவர் தம் தாய்க்குக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 28. மாணவர்களுக்குக் கிரேக்க மொழியைக் கற்பித்து வந்தவர். கற்றறிந்தவர் என்று அந்த வயதிலேயே பெயர் பெற்றவர். அத்தகையவர் தம் தாயிடம் கேட்டது, சிறு பிள்ளை கேட்பது போன்ற ஒன்று. தாம் சிறுவனாக இருந்த காலத்தில் வாரந்தோறும் வியாழக்கிழமை மாலையில் தாய் தமக்கென்று ஒதுக்கிய சிறிது நேரத்தை, தொலைவில் இருந்தபடியே இப்போதும் தமக்காக ஒதுக்க இயலுமா என்பதே அவரது வேண்டுகோள். அன்று தம் அறிவைச் செம்மைப்படுத்திய அந்த நேரம் இன்று தம் இதயத்தைத் திருத்தவும் பயன்படும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

அந்த இளைஞர் ஜான் வெஸ்லி. பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கம் என்று உலகெங்கும் பரவிய பெரும் பக்தி இயக்கத்தைத் தொடங்கியவர். அவருடைய தம்பி சார்லஸ் வெஸ்லி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பக்திப் பாடல்களை இயற்றியவர். இவ்விருவரையும் வளர்த்த தாய் சுசன்னா வெஸ்லி. தம் வாழ்நாளில் அவர் எந்த நூலையும் தம் பெயரில் வெளியிடவில்லை. எந்த மேடையிலும் ஏறவில்லை. கிறிஸ்தவக் குடும்ப வாழ்க்கையைப் பற்றிப் பேசுவோர் மூன்று நூற்றாண்டுகளாக அவரை நினைவுகூர்ந்து வருகிறார்கள் எனில் அதற்குக் காரணம் அந்த வியாழக்கிழமை மாலைகள் போன்றவைதாம்.

வறுமை நிறைந்த குருமனை

சுசன்னா 1669-இல் லண்டனில் பிறந்தார். தந்தையாகிய சாமுவேல் ஆன்ஸ்லிக்கு அவர் இருபத்தைந்தாவது குழந்தை. ஆன்ஸ்லி அரசுத் திருச்சபையின் சட்டத்துக்கு உடன்பட மறுத்து, அதனால் 1662-இல் பதவியை இழந்த குருவானவர். அவரது இல்லத்தில் சமய விவாதங்களுக்குக் குறைவில்லை. அவற்றைக் கேட்டு வளர்ந்த சுசன்னா, பதின்மூன்று வயது நிறைவதற்கு முன்பே இரு தரப்பு வாதங்களையும் தாமே ஆராய்ந்து, தந்தை விட்டு விலகிய இங்கிலாந்துத் திருச்சபையிலேயே சேர்வது என்று முடிவு செய்தார். அதனால் தந்தைக்கு மகளிடம் இருந்த அன்பு சிறிதும் குறையவில்லை. ஒரு சிறுமியின் சுதந்திரமான சிந்தனைக்கு அந்த வீடு இடம் தந்தது. இதைப் பின்னால் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

1688-இல் சாமுவேல் வெஸ்லி என்ற இளம் குருவானவரை அவர் மணந்தார். பத்தொன்பது குழந்தைகள் பிறந்தனர். அவர்களுள் வளர்ந்து பெரியவர்களானோர் பத்துப் பேர். ஏனையோரைப் பச்சிளம் பருவத்திலேயே மண்ணுக்குக் கொடுத்தாள் அந்தத் தாய்.

லிங்கன்ஷயர் பகுதியில் சதுப்பு நிலங்கள் சூழ்ந்த எப்வொர்த் என்ற சிற்றூரின் சபைக்குக் கணவர் பொறுப்பேற்றார். அவர் புலவர், அறிஞர், கண்டிப்பானவர். பணத்தைக் கையாளத் தெரியாதவர். 1705-இல் கடனைத் திருப்பித் தர இயலாமல் லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். அவருக்கு அனுப்பச் சுசன்னாவிடம் வேறெதுவும் இல்லை. தம் மோதிரங்களைக் கழற்றி அனுப்பினார். கணவர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். அக்காலத்தில் யார்க் நகரப் பேராயர் சுசன்னாவிடம், உண்மையிலேயே உணவு இல்லாமல் இருந்தது உண்டா என்று நேரில் கேட்டார். உணவு அடியோடு இல்லாமல் போனதில்லை. ஆனால் உண்பதற்கு முன் அதைத் தேடுவதிலும் உண்டபின் அதற்கான பணத்தைக் கொடுப்பதிலும் பட்ட கவலை அந்த உணவையே கசக்கச் செய்தது என்ற பொருளில் அவர் விடை கூறினார்.

கணவன் மனைவி உறவும் எப்போதும் அமைதியாக இருந்ததில்லை. அரசர் மூன்றாம் வில்லியத்துக்காகக் கணவர் செய்த பிரார்த்தனைக்கு மனைவி 'ஆமென்' சொல்லவில்லை. அவருக்கு அந்த அரசரின் உரிமையில் உடன்பாடில்லை. இந்தச் சிறு விஷயத்துக்காகக் கணவர் வீட்டை விட்டுப் பல மாதங்கள் விலகியிருந்தார். அவர்கள் மீண்டும் ஒன்றுசேர்ந்தபின் 1703-இல் பிறந்த குழந்தைதான் ஜான்.

குழந்தைகளைப் பக்தியில் வளர்ப்பதற்கு அமைதியான வீடும் போதிய பொருளும் ஓய்வும் முதலில் வேண்டும் என்று எண்ணுவோர் உண்டு. எப்வொர்த் குருமனையில் இம்மூன்றும் இருந்ததில்லை.

வீட்டுப் பள்ளி

தாம் குழந்தைகளை வளர்த்த முறையை எழுதித் தரும்படி மகன் ஜான் மீண்டும் மீண்டும் வேண்டியதால், 1732 ஜூலையில் சுசன்னா அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தாய் மறைந்தபின் ஜான் அதைத் தமது நாட்குறிப்பில் வெளியிட்டார். அந்த வீட்டைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி அக்கடிதத்திலிருந்து வருவது.

குழந்தைக்குப் பேச்சு வந்ததும் கர்த்தர் கற்பித்த ஜெபம் சொல்லித் தரப்பட்டது. காலையில் எழும்போதும் இரவில் படுக்கும்போதும் குழந்தை அதைச் சொல்லும். வளர வளர, பெற்றோருக்கான ஒரு சிறு பிரார்த்தனை, திருச்சபையின் ஜெபங்கள் சில, சுருக்கமான வினாவிடைப் பாடம், வேதாகமத்தின் சில பகுதிகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டன. பேசவும் மண்டியிடவும் இயலாத கைக்குழந்தைகள்கூட உணவுக்குமுன் இறைவனிடம் ஆசி வேண்டுவதைச் சைகையால் செய்யப் பழக்கப்பட்டனர். ஞாயிற்றுக்கிழமை மற்ற நாட்களிலிருந்து வேறுபட்டது என்பதைக் குழந்தைகள் மிக இளம் வயதிலேயே அறிந்தனர். அன்று அவர்கள் ஆலய ஆராதனைக்குச் சென்றனர். வீட்டில் சொல்லிப் பழகிய அதே ஜெபங்களை அங்கே ஊரார் அனைவரும் சேர்ந்து சொல்லக் கேட்டனர். வீடும் ஆலயமும் ஒரே மொழியைப் பேசின.

ஐந்து வயது நிறைந்த மறுநாள் எழுத்தறிவித்தல். அந்த ஒரு நாள் குழந்தைக்கு அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை, அந்தக் குழந்தை எழுத்துக்களைக் கற்றுக்கொள்ளும். இருவரைத் தவிர எல்லாக் குழந்தைகளும் ஒரே நாளில் எல்லா எழுத்துக்களையும் அறிந்துகொண்டனர். மோலிக்கும் நான்சிக்கும் ஒன்றரை நாள் ஆயிற்று. அதற்காக அவர்களை மந்தபுத்தி உடையவர்கள் என்று எண்ணியதாகவும், மற்றக் குழந்தைகளைப் பார்த்தபின் அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டதாகவும் அன்னை ஒளிக்காமல் எழுதுகிறார். அடுத்த நாளே ஆதியாகமத்தின் முதல் வசனம். எழுத்துக்கூட்டி, பிறகு சேர்த்து, தடையின்றி வரும்வரை அதையே படித்து, அதன் பின்பே அடுத்த வசனம்.

கடைசிக் குழந்தையான கெசியாவுக்கு மட்டும் பிறர் வற்புறுத்தலால் ஐந்து வயதுக்கு முன்பே கற்பிக்க வேண்டியதாயிற்று. மற்றவர்கள் மாதங்களில் கற்றதைக் கற்க அவளுக்கு ஆண்டுகள் ஆயின என்கிறார் சுசன்னா. இரண்டரை வயதில் பள்ளிக்கு அனுப்ப விரையும் பெற்றோர் கவனிக்கத்தக்க செய்தி இது.

அக்கடிதத்தில் வீட்டின் சில விதிகளும் உள்ளன. தவறு செய்த குழந்தை தானாக முன்வந்து ஒப்புக்கொண்டால் அதற்கு அடி இல்லை. தண்டனைக்கு அஞ்சியே குழந்தைகள் பொய் சொல்லப் பழகுகிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே தவறுக்கு இரண்டு முறை தண்டனை இல்லை. ஒப்புக்கொண்ட தவறைப் பிறகு ஒருபோதும் சொல்லிக்காட்டுவதில்லை. ஒரு குழந்தைக்குச் சொந்தமான பொருள், ஒரு குண்டூசியே ஆனாலும், அதன் அனுமதியின்றி மற்றவர் எடுக்கலாகாது. கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட வேண்டும். குழந்தை ஒன்றைச் சரியாகச் செய்யாவிட்டாலும், மகிழ்விக்கும் எண்ணத்துடன் செய்திருந்தால் அந்த எண்ணத்தை அன்புடன் ஏற்க வேண்டும். நன்றாகப் படிக்கத் தெரியும்வரை எந்தப் பெண் குழந்தைக்கும் தையல் முதலிய வேலைகள் கற்பிக்கப்படலாகாது. பெண்கள் வாசிப்பைக் காதால் கேட்கவும் இயலாத அளவுக்கு மோசமாக வாசிப்பதற்கு, முன்கூட்டியே அவர்களைத் தையலில் அமர்த்துவதே காரணம் என்பது அவரது கருத்து. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தாய் இப்படி எண்ணியது வியப்புக்குரியது.

ஜான் தமது பிரசங்கம் ஒன்றில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். ஒரே விஷயத்தை ஒரு குழந்தைக்கு இருபதாவது முறையாகச் சுசன்னா சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த கணவர், எப்படி உனக்கு இவ்வளவு பொறுமை என்றார். பத்தொன்பது முறையோடு நிறுத்தியிருந்தால் அத்தனை உழைப்பும் வீணாகியிருக்குமே என்று விடை வந்தது.

ஒரு கடினமான பகுதி

இந்தக் கடிதத்தைப் போற்றுவோர் பலர் விரைவாகத் தாண்டிச் செல்லும் ஒரு பகுதியும் அதில் இருக்கிறது. குழந்தையின் சுயவிருப்பத்தை முதலிலேயே வென்று அடக்கிவிட வேண்டும். பக்திக்கு அதுவே அடித்தளம் என்று சுசன்னா உறுதியாக எழுதுகிறார். ஒரு வயது நிறையும்போதே குழந்தைகள் பிரம்புக்கு அஞ்சவும் சத்தமின்றி அழவும் கற்பிக்கப்பட்டனர். அந்த வீட்டில் குழந்தைகள் அழும் ஓசையே கேட்பது அரிது என்று அவர் மனநிறைவுடன் குறிப்பிடுகிறார்.

அக்கால இங்கிலாந்தில் இது பொதுவான வழக்கம். குழந்தையின் அறிவு முதிரும்வரை பெற்றோரின் அறிவே அதை நடத்த வேண்டும் என்பதே அவரது நியாயம். எனினும் ஒரு வயதுக் குழந்தையின் அழுகையை அச்சத்தால் அடக்குவதை இன்று எவரும் பின்பற்ற வேண்டியதில்லை. இறைவனின் விருப்பத்துக்குத் தன் விருப்பத்தை ஒப்படைப்பது கிறிஸ்தவ வாழ்க்கையில் உயர்ந்த நிலை. அது மனிதன் தானாக அளிக்கும் காணிக்கை. பறித்துக்கொள்ளப்பட்டது காணிக்கையாகுமா? பதின்மூன்று வயதுக்குள் தாமே சிந்தித்துத் திருச்சபையைத் தேர்ந்தெடுத்தவர் சுசன்னா. அந்தச் சுதந்திரத்தை அவருக்குத் தந்த தந்தையின் பெருந்தன்மை அவரது விதிகளில் முழுமையாக இடம்பெறவில்லை.

நெருப்பு

1709 பிப்ரவரி 9. நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் குருமனையின் கூரை தீப்பற்றியது. பணிப்பெண் கைக்குழந்தையான சார்லஸைத் தூக்கிக்கொண்டு மற்றக் குழந்தைகளைத் தன் பின்னே வரச் சொன்னாள். ஐந்து வயது ஜான் மட்டும் உறக்கத்திலிருந்து எழவில்லை. நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த சுசன்னா நெருப்பின் ஊடாகவே நடந்து வெளியே வந்தார்; முகமும் கைகளும் கருகின. தந்தை மகனைக் காக்கப் படிக்கட்டில் ஏற முயன்றார். எரிந்துகொண்டிருந்த படிகள் அவர் பாரத்தைத் தாங்கவில்லை. மண்டியிட்டு மகனின் ஆன்மாவை இறைவனிடம் ஒப்படைத்தார்.

அதற்குள் சிறுவன் விழித்து, ஒரு பெட்டியின்மேல் ஏறி ஜன்னலருகே வந்து நின்றான். ஏணி கொண்டுவர நேரமில்லை. ஒருவர் சுவரோரம் நிற்க, அவர் தோள்மீது மற்றொருவர் ஏறிச் சிறுவனை இறக்கினார். அடுத்த கணமே கூரை உள்ளே சரிந்தது. தந்தை அயலாரை அழைத்து, மண்டியிட்டு இறைவனுக்கு நன்றி கூறும்படி வேண்டினார். வீடு போகட்டும், என் எட்டுக் குழந்தைகளும் இருக்கிறார்கள், நான் செல்வந்தன் என்றார். மூத்த மகன் அப்போது லண்டனில் படித்துக்கொண்டிருந்தான்.

வீடு மீண்டும் கட்டப்படும்வரை குழந்தைகள் பல குடும்பங்களில் பிரித்து வைக்கப்பட்டனர். திரும்பி வந்தபோது அவர்களிடம் பெரிய மாற்றம் காணப்பட்டது. தகாத பாட்டுகளையும் கரடுமுரடான பேச்சையும் கற்றிருந்தனர். ஞாயிற்றுக்கிழமையின் புனிதத்தை மறந்திருந்தனர். ஆண்டுக்கணக்கில் கட்டியது சில மாதங்களில் குலைந்திருந்தது. மற்றொரு தாயாக இருந்தால் பிரம்பை இன்னும் இறுகப் பிடித்திருக்கக் கூடும். சுசன்னா சங்கீதம் பாடுவதில் தொடங்கினார். பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் அனைவரும் சேர்ந்து சங்கீதம் பாடுவது அப்போதுதான் வழக்கமாயிற்று. மாலை ஐந்து மணிக்கு வீட்டின் மூத்த குழந்தை, பேசத் தெரிந்த குழந்தைகளில் மிக இளையதை அழைத்துக்கொள்ளும். இரண்டாவது குழந்தை அதற்கடுத்த இளையதை. இவ்வாறு இருவர் இருவராகப் பிரிந்து, அன்றைய சங்கீதங்களையும் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரத்தையும் பெரியது வாசிக்கச் சிறியது கேட்கும். தாயிடம் மட்டும் இருந்த பொறுப்பு இவ்வாறு குழந்தைகளிடையே பகிரப்பட்டது.

தீயில் அவர் எழுதி வைத்திருந்த தாள்களும் அழிந்திருந்தன. மீண்டும் எழுத உட்கார்ந்தார். விசுவாசப் பிரமாணத்தின் விளக்கத்தை மகள் சூக்கிக்குக் கடிதமாக எழுதினார். பத்துக் கட்டளைகளுக்கும் விளக்கம் எழுதினார். இறைவன் இருக்கிறான் என்பதற்கான காரணங்களை, தாயும் மகள் எமிலியாவும் உரையாடுவதுபோல் மற்றொன்று எழுதினார். கடன்காரர்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்த வீட்டில் இவை எழுதப்பட்டன.

தரங்கம்பாடியிலிருந்து வந்த நூல்

1711-ஆம் ஆண்டின் இறுதியில் கணவர் குருமார் பேரவைக்காக லண்டன் சென்றிருந்தார். அந்தக் குளிர்காலத்தில் மகள் எமிலியா தந்தையின் நூலறையிலிருந்து ஒரு நூலை எடுத்துத் தாய்க்கு வாசித்துக் காட்டினாள். டென்மார்க் மன்னரால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட இரண்டு இளைஞர்கள் எழுதிய கடிதங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. அந்த இருவர் சீகன்பால்கும் புளுட்சோவும். அவர்கள் வந்து இறங்கிய இடம் சோழமண்டலக் கடற்கரையிலுள்ள தரங்கம்பாடி. நாள் 1706 ஜூலை 9. அப்போது சீகன்பால்குக்கு 24 வயதுகூட நிறையவில்லை. உள்ளூர் ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டுக்கே வரவழைத்து, சிறுவர்களுடன் தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் தமிழ் எழுத்துக்களை எழுதிப் பழகியவர் அவர். பின்னர் அவரது மொழிபெயர்ப்பில் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சில் வெளிவந்தது.

எப்வொர்த்தின் சதுப்பு நிலத்திலிருந்து இந்தியாவைப் பற்றிப் படித்த சுசன்னாவால் பல நாட்கள் வேறொன்றையும் சிந்திக்க இயலவில்லை. தாம் ஆணல்ல, குருவானவரும் அல்ல. ஆயினும் உள்ளம் உண்மையாகவே இறைவனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தால் இப்போது செய்வதைவிடக் கூடுதலாக ஏதேனும் செய்ய இயலுமே என்ற எண்ணம் அவரை விடாமல் தொடர்ந்தது. எங்கே தொடங்குவது? தம் குழந்தைகளிடமே தொடங்க முடிவு செய்தார்.

அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் ஒரு குழந்தையுடன் தனியாக அமர்ந்து பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டார். திங்கட்கிழமை மோலி, செவ்வாய்க்கிழமை ஹெட்டி, புதன்கிழமை நான்சி, வியாழக்கிழமை ஜான், வெள்ளிக்கிழமை மார்த்தா, சனிக்கிழமை சார்லஸ், ஞாயிற்றுக்கிழமை எமிலியாவும் சூக்கியும். எமிலியாவுக்கு 19 வயது, சார்லஸுக்கு நான்கு. நான்கு வயதுக் குழந்தைக்கும் தனக்கென ஒரு மாலை இருந்தது!

பகலில் அதே வீட்டில்தான் ஆறு மணி நேரப் பள்ளி நடந்தது. காலையிலும் மாலையிலும் கூட்டுப் பிரார்த்தனை நடந்தது. ஆனால் கூட்டத்தில் கற்பிப்பது வேறு, ஓர் உயிரின் அருகில் அமர்வது வேறு என்பதைத் தரங்கம்பாடிக் கடிதங்கள் அவருக்கு உணர்த்தின. அந்த நேரம் குழந்தையின் ஆன்மாவைப் பற்றிப் பேசுவதற்கானது. அதன் அச்சம், ஐயம், தடுமாற்றம் ஆகியவற்றைக் கேட்பதற்கானது. ஜான் 1714-இல் லண்டனிலுள்ள சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அப்படியானால் அந்த வியாழக்கிழமைகள் நீடித்தது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் திரும்பக் கேட்டது அவற்றைத்தான். எழுத்தறிவித்த அந்த ஒரு நாளையோ ஆறு மணி நேரப் பள்ளியையோ அவர் கேட்கவில்லை.

சமையலறையில் ஓர் ஆராதனை

குழந்தைகளுக்காகத் தொடங்கியது குழந்தைகளோடு நிற்கவில்லை. கணவர் ஊரில் இல்லாத அந்த மாதங்களில் ஞாயிறு மாலைகளில் குழந்தைகளையும் பணியாளர்களையும் அமர்த்திச் சங்கீதமும் ஜெபமும் பிரசங்க நூலிலிருந்து ஒரு பகுதியும் வாசித்து வந்தார் சுசன்னா. பணியாளன் ஒருவன் இதைத் தன் பெற்றோரிடம் கூற, அவர்களும் வர விரும்பினர். அவர்களைக் கண்டு அயலார் வந்தனர். முதலில் முப்பது, நாற்பது பேர். விரைவில் இருநூறுக்கும் மேல். இடமின்றிப் பலர் திரும்பிச் சென்றனர்.

ஆலயத்தைக் கவனித்துவந்த உதவிக் குருவுக்கு இது பிடிக்கவில்லை. லண்டனுக்குப் புகார் சென்றது. ஒரு பெண் இவ்வாறு செய்வது முறையல்ல, வேறு யாரையேனும் வாசிக்கச் சொல்லலாமே என்று கணவர் எழுதினார். வந்தவர்களில் எழுத்துக்கூட்டாமல் பிரசங்கம் வாசிக்கத் தெரிந்த ஆண் ஒருவர்கூட இல்லை என்று மனைவி விடை எழுதினார். ஆலயத்தின் மாலை ஆராதனைக்கு முன்பெல்லாம் இருபது, இருபத்தைந்து பேர் வருவார்கள். இப்போது இருநூறுக்கும் முந்நூறுக்கும் இடையே வருகிறார்கள் என்பதையும் சுட்டிக்காட்டினார். குடும்பத் தலைவர் இல்லாதபோது அந்த ஆன்மாக்களின் பொறுப்பு தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதாகத் தாம் கருதுவதாகவும் கூறினார். இறுதியில் அவர் எழுதியதன் சாரம் இது: நிறுத்த வேண்டுமானால் வேண்டுகோளாக எழுதாதீர்கள், கட்டளையாக எழுதுங்கள், அப்போதுதான் இறுதி நாளில் இந்த நன்மையைக் கைவிட்டதற்கான பொறுப்பிலிருந்து நான் விடுபடுவேன். அத்தகைய கட்டளையைக் கணவர் அனுப்பவில்லை.

இவை நடந்தது 1712 பிப்ரவரியில். எட்டு வயது ஜானும் நான்கு வயது சார்லஸும் அந்தச் சமையலறையில் அமர்ந்திருந்தனர். திருச்சபை என்பது ஆலயக் கட்டிடத்தோடு முடிவதில்லை என்பதை அவர்களுக்கு யாரும் போதிக்க வேண்டியிருக்கவில்லை. நெருக்கியடித்து நின்ற உழவர்களையும் வாசித்துக்கொண்டிருந்த தாயையும் அவர்கள் கண்ணால் கண்டனர். அதே காலத்தில்தான் தந்தை ஜானைத் திருவிருந்தில் பங்குபெற அனுமதித்தார். எட்டு வயதில் அந்தத் தகுதி கிடைப்பது அரிது.

செவ்வாய்க்கிழமையின் குழந்தை

இவ்வளவுக்கும் பிறகு எல்லாக் குழந்தைகளின் வாழ்க்கையும் நன்றாக அமைந்ததா? இல்லை. செவ்வாய்க்கிழமைக்குரிய குழந்தையாகிய ஹெட்டி அந்தக் குடும்பத்திலேயே அறிவுக் கூர்மை மிக்கவள். எட்டு வயதில் கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டைப் படித்தவள், கவிதை எழுதியவள். ஆண் பிள்ளைகள் மூவருக்கும் லண்டன் பள்ளிகளும் ஆக்ஸ்போர்டும் இருந்தன. அதே அறிவைப் பெற்ற பெண்களுக்குச் சதுப்பு நில ஊரும் வறுமையும் தவிர வேறெதுவும் இல்லை. ஹெட்டி விரும்பியவரைத் தந்தை ஏற்கவில்லை. 1725-இல் அவள் வீட்டை விட்டுச் சென்றாள், ஏமாற்றப்பட்டுத் திரும்பினாள், கருவுற்றிருந்தாள். அவளுக்குச் சிறிதும் பொருந்தாத ஒருவருக்கு அவசர அவசரமாக மணம் செய்விக்கப்பட்டாள். அதன்பின் தந்தை அவளை மன்னிக்கவே இல்லை. தாயின் மனமும் விரைவில் இளகவில்லை.

ஒப்புக்கொண்ட தவறுக்குத் தண்டனை இல்லை, அதைப் பிறகு சொல்லிக்காட்டுவதும் இல்லை என்பது அந்த வீட்டின் விதி அல்லவா? குழந்தைகளுக்காக எழுதப்பட்ட அந்த விதி 28 வயது மகளுக்குப் பொருந்தாமல் போயிற்று. அதை நினைவில் வைத்திருந்தவர் தம்பி ஜான்தான். 1726-இல், குடும்பத்தின் பொறுப்பிலிருந்த ரூட் என்ற சிற்றூரின் ஆலயத்தில், தவறியவர்களிடமும் காட்ட வேண்டிய அன்பைப் பற்றி அவர் பிரசங்கம் செய்தார். அது யாருக்காகச் சொல்லப்பட்டது என்பது பெற்றோருக்குப் புரிந்தது. தந்தை கோபமுற்றார். தந்தையின் ஆலயத்திலேயே தந்தையின் கண்டிப்புக்கு எதிராக, அதே வீட்டில் கற்ற பாடத்தை மகன் எடுத்துரைக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் ஹெட்டி தம் சகோதரர்களின் இயக்கத்தில் ஆறுதல் கண்டார்.

முதுமையில்

1735-இல் கணவர் மறைந்தார். குருமனை அடுத்த குருவானவருக்கு உரியதாயிற்று. பிள்ளைகளின் இல்லங்களில் மாறி மாறி வாழ்ந்த சுசன்னா, இறுதியாக லண்டனில் ஜான் தம் இயக்கத்தின் நிலையமாக மாற்றியிருந்த பழைய பீரங்கி வார்ப்பாலையில் வந்து தங்கினார்.

1739-இல் ஒருநாள் திருவிருந்தின்போது மருமகன் கிண்ணத்தை அளித்துத் திருவசனத்தைச் சொன்ன கணத்தில், தம் பாவங்கள் அனைத்தும் மன்னிக்கப்பட்டன என்ற உறுதி அவருக்கு ஏற்பட்டது. எழுபது வயது வரை பிரார்த்தித்தவர். பத்துக் குழந்தைகளுக்குப் பிரார்த்திக்கக் கற்பித்தவர். ஆயினும் மன்னிப்பை இங்கேயே இப்போதே உணர இயலும் என்பதை அதுவரை தாம் கேள்விப்பட்டதே அரிது என்று மகனிடம் கூறினார். அதை அந்நாட்களில் ஊர் ஊராகச் சென்று உரைத்துக்கொண்டிருந்தவர்கள் அவருடைய பிள்ளைகளே.

குருத்துவம் பெறாத தாமஸ் மாக்ஸ்ஃபீல்டு என்ற இளைஞர் ஜான் இல்லாத சமயத்தில் அங்கே பிரசங்கம் செய்யத் தொடங்கினார். செய்தி அறிந்த ஜான் கோபத்துடன் விரைந்து வந்தார். தாய் அவரைத் தடுத்தார். உன்னைப் போலவே அவரும் இறைவனால் அழைக்கப்பட்டவர். முதலில் நீ அவர் பேசுவதைக் கேள் என்றார். ஜான் கேட்டார், தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். குருத்துவம் பெறாத நூற்றுக்கணக்கானோரைப் பிரசங்கிகளாக ஏற்கும் வழக்கம் மெதடிஸ்ட் இயக்கத்தில் இவ்வாறு வேரூன்றியது. எப்வொர்த் சமையலறையை மறக்காத ஒருவர் அந்த வீட்டில் இருந்ததால் அது நிகழ்ந்தது.

1742 ஜூலையில் சுசன்னாவின் இறுதி நாள் நெருங்கியது. ஜானும் மகள்களும் படுக்கையைச் சூழ்ந்து நின்றனர். பேச்சு அடங்குவதற்குச் சற்று முன்பு அவர் பிள்ளைகளிடம் ஒன்றை வேண்டினார். தம் உயிர் பிரிந்த உடனே இறைவனைத் துதித்து ஒரு சங்கீதம் பாட வேண்டும் என்றார். தீக்குப் பின் மீண்டும் கூடிய வீட்டில், பள்ளி முடியும் ஒவ்வொரு மாலையும் அவர்கள் பாடியதுபோல, அன்றும் அனைவரும் சேர்ந்து பாடினார்கள்.